கொடைவிழாவிலிருந்து ஒலிப்பதிவுக்கு: சுப்பு ஆறுமுகத்தின் வில்லிசை வாழ்வும் நேரடி நிகழ்த்துதலைப் பதிவு செய்வதன் சிக்கல்களும்

ஆய்வுச் சுருக்கம்

தென்தமிழகத்தின் நாட்டார் தெய்வ வழிபாட்டோடு பிணைந்து வளர்ந்த நிகழ்த்துகலை வில்லுப்பாட்டு. திருநெல்வேலி வட்டாரத்தில் பிறந்து, சென்னையில் நிலைபெற்று, எழுபதாண்டுகளுக்கும் மேலாக இக்கலையில் இயங்கியவர் சுப்பு ஆறுமுகம் (1928–2022). கொடைவிழாப் பந்தலில் இருந்த வில், அரங்கம், வானொலி, தொலைக்காட்சி, ஒலிநாடா, திரைப்படம் எனப் புதிய களங்களுக்குச் சென்ற வரலாற்றை இவருடைய வாழ்வின் வழியே காணலாம். அவ்வாறு இடம்பெயர்ந்தபோது இக்கலை எவற்றைத் தன்னோடு எடுத்துச் சென்றது, எவற்றை ஊரிலேயே விட்டுச் சென்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கன்னியாகுமரி மாவட்ட வில்லுப்பாட்டுக் கலைஞர் பூங்கனியின் வாழ்வு ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொள்ளப்படுகிறது. ராயகிரி, சங்கரன்கோவில் வட்டாரக் கொடைவிழாக்களில் இன்று நிகழும் காணொளிப் பதிவுகளை முன்வைத்து, ஆவணமாக்கம் குறித்த சில கருத்துகளும் கூறப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வில்லுப்பாட்டு, வில்லிசை, கொடைவிழா, சுப்பு ஆறுமுகம், பூங்கனி, நேரடி ஒலிப்பதிவு, நிகழ்த்துதல்.

1. முன்னுரை

நாட்டார் கலைஞர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இரு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கின்றனர். அவர் பெற்ற விருதுகளையும் மேடைகளையும் வரிசைப்படுத்திப் புகழ்மாலை சூட்டுவது ஒரு வழி. அவர் மரபிலிருந்து எவ்வளவு விலகினார் என்று அளந்து தீர்ப்புக் கூறுவது மற்றொரு வழி. சுப்பு ஆறுமுகத்தைப் பற்றிய எழுத்துகளும் இவ்விரண்டுக்கும் இடையிலேயே நிற்கின்றன. இதழ்களும் அரசும் அவரை வில்லிசையின் ஒரே முகமாகக் கொண்டாடின. நாட்டார் வழக்காற்றியல் ஆய்வுகளோ கொடைவிழாக்களில் பாடப்பட்ட கதைகளின் மீதே முதன்மைக் கவனம் செலுத்தின. அரங்க வில்லிசைக்கு அவற்றில் ஓரத்து இடமே கிடைத்தது.

இவ்விரு பார்வைகளும் ஓர் அடிப்படை வினாவை எழுப்பாமல் விடுகின்றன. ஒரு குறிப்பிட்ட இடத்தில், ஒரு குறிப்பிட்ட தெய்வத்தின் முன், ஒரு குறிப்பிட்ட இரவில் மட்டுமே முழுமை பெறும் கலையை அந்த இடத்திலிருந்து பெயர்த்து எடுக்க இயலுமா? இயலுமெனின், பெயர்ந்து வந்தது அக்கலையின் எப்பகுதி? சுப்பு ஆறுமுகத்தின் வாழ்வு இவ்வினாவுக்கு விடை தேடுவதற்கு மிகப் பொருத்தமான சான்றாக அமைகிறது.

2. வில்லுப்பாட்டின் களமும் அமைப்பும்

கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களும் தென்கேரளத்தின் சில பகுதிகளும் வில்லுப்பாட்டு வழங்கும் நிலப்பரப்பாகும். வில்லடிச்சான் பாட்டு என்ற பெயரும் இக்கலைக்கு உண்டு. சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன், முத்துப்பட்டன் முதலிய தெய்வங்களின் கோயில்களில் நடைபெறும் கொடைவிழாவே இதன் இயல்பான களம்.

நீண்ட வில்லின் நடுப்பகுதி மண்குடத்தின் மீது பொருந்துமாறு வைக்கப்படும். வில்லில் மணிகள் கட்டப்பட்டிருக்கும். குழுவின் தலைவர் புலவர் என்றோ அண்ணாவி என்றோ அழைக்கப்படுவார். அவர் இரு வீசுகோல்களால் நாணைத் தட்டியபடி கதையைப் பாடுவார். குடத்தின் வாயை மட்டையால் அடிக்கும் கலைஞர், உடுக்கை இசைப்பவர், தாளம் தட்டுபவர், கட்டை அடிப்பவர், வலப்புறமும் இடப்புறமும் அமர்ந்து பின்பாட்டுப் பாடுவோர் எனக் குழு அமையும். காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி வணக்கம், அவையடக்கம், நாட்டுவளம், கதைக்கூறு, வாழி என்ற வரிசையில் நிகழ்த்துதல் செல்லும். பாடலுக்கும் உரைநடை விளக்கத்துக்கும் நடுவே, பின்பாட்டுக்காரர் "ஆமாம்" போட்டுக் கதையை முன்னகர்த்துவார். சில இடங்களில் குறுக்கிட்டு வினா எழுப்புவார். நகைச்சுவையும் அவர் வழியாகவே வரும்.

இந்த அமைப்பில் கருதத்தக்க செய்திகள் இரண்டு. முதலாவது, கொடைப் பந்தலில் வில் தெய்வத்தை நோக்கியே வைக்கப்படுகிறது. கதையின் முதற்கேட்பாளர் தெய்வம். ஊரார் உடனிருந்து கேட்பவர். இரண்டாவது, கதையின் ஓட்டமும் வழிபாட்டின் ஓட்டமும் ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்கின்றன. தெய்வம் பிறக்கும் இடத்தில் பெண்கள் குலவையிடுவர். தெய்வமான மனிதர் வெட்டுண்டு வீழும் இடத்தில் சாமியாடுபவர் மீது அருள் இறங்கும். அருள் இறங்கத் தாமதமானால் புலவர் அவ்விடத்தையே நீட்டிப் பாடுவார். விரைந்து இறங்கினால் கதையைச் சுருக்குவார். ஆகவே கதையின் அளவைப் புலவர் மட்டுமே தீர்மானிப்பதில்லை.

1970களின் பிற்பகுதியில் நாஞ்சில்நாட்டுப் பகுதியில் களப்பணி செய்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், 1988இல் வெளிவந்த தம் நூலில் வில்லுப்பாட்டுக் கதைகளைத் தெய்வப் பிறவிக் கதைகள், இறந்துபட்டவர் கதைகள் என இரண்டாகப் பகுத்தார். கொலையுண்டோ வேறு வகையில் கொடுஞ்சாவு அடைந்தோ தெய்வமானவர்களின் கதையே இரண்டாம் வகை. கதை அச்சாவை நெருங்க நெருங்க நிகழ்த்துதல் சடங்கின் ஆழத்துக்குள் இறங்குகிறது என்பது அவருடைய விளக்கத்தின் சாரம். இடம்பெயர்வு குறித்த வினாவுக்கு இக்கருத்து திறவுகோலாகிறது.

3. புதுக்குளத்திலிருந்து சென்னைக்கு

சுப்பு ஆறுமுகம் 1928இல் திருநெல்வேலிக்கு அருகிலுள்ள சத்திரம் புதுக்குளத்தில் பிறந்தார். இளமையிலேயே பாட்டெழுதும் ஆற்றல் பெற்றிருந்த அவரைக் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் இனங்கண்டு சென்னைக்கு அழைத்துச் சென்றார். அவருடைய வாழ்க்கையின் திருப்புமுனை இதுவே. வில்லுப்பாட்டின் மைய நிலமான நாகர்கோவிலுக்கு அருகில் ஒழுகினசேரியில் பிறந்தவர் கலைவாணர். இளமையில் இக்கலையின் சூழலிலேயே வளர்ந்தவர். திரைப்படத்தின் வழியே தமிழகம் முழுவதும் அறிமுகமாகியிருந்த ஒரு நகைச்சுவை நடிகர், தம் ஊரின் கலையைப் பொது அரங்குக்குக் கொண்டுவர விரும்பினார்; அதற்குப் பாட்டெழுதும் புலவராக இளைஞர் ஆறுமுகம் அமைந்தார்.

நாட்டு விடுதலையையும் காந்தியடிகளின் மறைவையும் ஒட்டிய அந்த ஆண்டுகளில், கலைவாணருக்காகக் காந்தியடிகளின் வரலாற்றை வில்லுப்பாட்டாக எழுதியதே அவருக்குப் பெயர் பெற்றுத் தந்தது. கொத்தமங்கலம் சுப்புவும் காந்தி கதையை வில்லில் பாடிப் பரப்பியவர். எனவே வில்லை நாட்டுப்பற்றின் கருவியாக்கும் போக்கு ஒருவரோடு நின்றுவிடவில்லை. அக்காலத்தின் பொதுவான வேட்கையாகவே அது இருந்தது.

கலைவாணர் 1957இல் மறைந்தார். அதன்பின் சுப்பு ஆறுமுகம் தாமே குழுத்தலைவராக முன்வந்து, தனிப் பெயரோடு நிலைத்தார். திரைப்படங்களுக்கு நகைச்சுவைப் பகுதிகள் எழுதினார். நாகேஷ் நடித்த படங்களிலும் அவருடைய பங்களிப்பு உண்டு. இராமாயணம், மகாபாரதம், பாரதியார் வரலாறு, விடுதலைப் போராட்டம் முதலியவற்றை வில்லில் பாடினார். வானொலியும் பின்னர்த் தொலைக்காட்சியும் அவரைத் தமிழகத்தின் வீடுகளுக்குள் கொண்டு சென்றன. மகள் பாரதி திருமகனும் பேரன் கலைமகனும் அவரோடு மேடையேறி அவ்வழியைத் தொடர்ந்தனர். கலைமாமணி, சங்கீத நாடக அகாதெமி விருது, 2021ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ ஆகிய சிறப்புகள் அவரை வந்தடைந்தன. 2022 அக்டோபர் 10ஆம் நாள் சென்னையில் தமது 94ஆம் வயதில் மறைந்தார்.

4. காந்தி கதையும் இறந்துபட்டவர் மரபும்

கொடைவிழாவின் சுடலைமாடன் கதைக்கும் சென்னை அரங்கின் காந்தி கதைக்கும் தொடர்பில்லை என்று கருதுவது எளிது. முன்னது தெய்வக்கதை, பின்னது அரசியல் வரலாறு. முன்னதில் அருள் இறங்கும். பின்னதில் கைதட்டல் எழும். எனினும் கதைவகை நோக்கில் ஆராய்ந்தால் இவ்விரண்டுக்கும் இடையே ஓர் ஆழமான உறவு தென்படுகிறது.

வில்லுப்பாட்டு மரபில் தெய்வமாகும் மனிதர்கள் பெரும்பாலும் தம் வாழ்நாள் முடிவதற்கு முன்பே வன்முறையால் உயிரிழந்தவர்கள். முத்துப்பட்டன் மாடு கவர்ந்தோரோடு போரிட்டு மாய்ந்தான். பொம்மக்கா, திம்மக்கா இருவரும் அவனோடு உயிர் நீத்தனர். பாபநாசம் மலையில் சொரிமுத்து அய்யனார் கோயில் வளாகத்தில் பட்டவராயனாக இன்றும் அவன் வழிபடப்படுகிறான். பத்தர்கள் அவனுக்குத் தோற்செருப்பைக் காணிக்கையாக்குகின்றனர். கொலையுண்டவரை மறக்காதிருக்க ஒரு பீடம், அவர் கதையைச் சொல்ல ஒரு வில் என இரண்டும் சேர்ந்தே இம்மரபில் நினைவு காக்கப்படுகிறது.

1948 சனவரி 30இல் காந்தியடிகள் சுட்டுக் கொல்லப்பட்டார். கலைவாணர் நாகர்கோவிலில் அவருக்கு நினைவுத்தூண் எழுப்பினார். அவர் வரலாற்றை வில்லிலும் பாடினார். நினைவுத்தூண், வில்லுப்பாட்டு ஆகிய இரண்டையும் அருகருகே வைத்து நோக்கும்போது, தென்குமரி மண்ணில் வளர்ந்த ஒருவர், கொலையுண்ட பெரியவருக்குத் தம் மரபு அறிந்த முறையிலேயே நினைவுக்கடன் செலுத்தினார் என்று கொள்ள இடமுண்டு. இவ்வாறு நோக்கினால் காந்தி கதையை மரபின் முறிவாக அன்றி, இறந்துபட்டவர் கதைவகையின் நீட்சியாகக் காணலாம். அதை எழுதிய இளைஞரும் நெல்லை மண்ணிலிருந்து வந்தவர் என்பது இக்கருத்துக்கு வலுச் சேர்க்கிறது.

ஆனால் நீட்சியிலும் ஒரு வேறுபாடு உண்டு. முத்துப்பட்டன் கதையில் சாவு நிகழும் இடத்தில் கேட்போர் அச்சமும் நடுக்கமும் கொள்கின்றனர்; இறந்தவன் அப்போதே அங்கு வந்து நிற்கிறான் என்ற நம்பிக்கை பந்தலை நிறைக்கிறது. காந்தி கதையில் சாவு துயரத்தையும் படிப்பினையையும் தருகிறது. இறந்தவர் வந்து நிற்பதில்லை. வருகை நினைவாக மாறியதே அரங்க வில்லிசையின் அடிப்படை மாற்றம் எனலாம்.

5. பெயர்க்கத்தக்கவையும் பெயர்க்க இயலாதவையும்

வில்லுப்பாட்டின் உறுப்புகளை இந்நோக்கில் மீண்டும் ஆராய்ந்தால் அவை இருவகையாகப் பிரிகின்றன. காப்பு, அவையடக்கம், நாட்டுவளம், வினாவிடை உரையாடல், நகைச்சுவை, "ஆமாம்" என்னும் எதிர்மொழி ஆகியவை எந்த இடத்துக்கும் எடுத்துச் செல்லத்தக்கவை. அவையடக்கம் எந்த அவைக்கும் பொருந்தும். நாட்டுவளத்தில் எந்த நாட்டையும் பாடலாம். மாறாகக் குலவை, அருளாட்டம், படைப்பு, கதையின் நீளத்தைத் தெய்வமும் புலவரும் சேர்ந்து தீர்மானிக்கும் முறை ஆகியவை குறிப்பிட்ட கோயிலையும் இரவையும் சார்ந்தவை.

சுப்பு ஆறுமுகத்தின் திறமை முதல்வகை உறுப்புகளை முழுமையாக வளர்த்தெடுத்ததில் விளங்குகிறது. கொடைவிழாவில் கதைக்கு ஒத்தாசையாக இருந்த உரையாடலும் நகைச்சுவையும் அவருடைய மேடையில் நிகழ்ச்சியின் முதுகெலும்பாயின. பாமரர்க்கும் படித்தவர்க்கும் புரியும் எளிய விளக்கம், அன்றாட நடப்பைச் சுட்டும் குறும்பு, குறுக்குக் கேள்விக்குச் சட்டென வரும் விடை ஆகியவற்றால் கூட்டத்தைக் கட்டிப்போட்டார். கலைவாணரிடம் பெற்ற நகைச்சுவைப் பயிற்சியும் திரைப்பட எழுத்தும் இதற்குத் துணைநின்றன. எனவே அவர் மரபைச் சிதைத்தார் என்பது பொருந்தாது. மரபில் இயல்பாகவே இருந்த இடம்பெயரும் ஆற்றலைக் கண்டறிந்து பயன்படுத்தினார் என்பதே பொருந்தும்.

பெயர் மாற்றமும் இங்குக் கருதத்தக்கது. ஊர்களில் வில்லுப்பாட்டு, வில்லடி என்றே வழங்கிய கலை, அரங்கில் வில்லிசை என்னும் பெயரை ஏற்றது. பாட்டு இசையாக உயர்த்தப்பட்டபோது, கருநாடக இசைக் கச்சேரிக்கு ஒப்பான மதிப்பை அப்பெயர் கோரியது. தெய்வத்தை நோக்கி நின்ற வில், சபா மேடையில் அவையோரை நோக்கித் திரும்பியது. முன்பு உடனிருந்து கேட்டவர்கள் இப்போது முதற்கேட்பாளர் ஆயினர். இன்று கொடைவிழாச் சுவரொட்டிகளிலும் வில்லிசை என்ற சொல்லே மிகுதியாக அச்சிடப்படுகிறது. நகரத்துக்குச் சென்ற கலை, ஊருக்கு ஒரு புதிய பெயரைத் திருப்பி அனுப்பியிருக்கிறது.

6. காலவரம்பும் ஒலிப்பதிவும்

இடமாற்றத்தைக் காட்டிலும் கடுமையான நெருக்கடியைக் காலவரம்பு ஏற்படுத்தியது. கொடைவிழாவில் ஒரு கதை இரவு முழுவதும் நீளலாம்; சில கதைகள் ஒன்றுக்கு மேற்பட்ட அமர்வுகளில் பாடப்படும். ஒலிப்பதிவுக் கருவிகளோ ஒவ்வொரு காலத்திலும் தமக்கென ஒரு கால அளவை விதித்தன. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்றரை நிமிடங்களையே தாங்கியது. நெடுநேர இசைத்தட்டின் ஒரு பக்கம் இருபது நிமிடங்களுக்குச் சற்று மேல் ஓடியது. 1980களில் ஊர்தோறும் பரவிய ஒலிநாடாவிலும் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம் என்ற அளவே மிகுதியாக வழங்கியது. 1963இல் தொடங்கிய திருநெல்வேலி வானொலி நிலையம் வட்டாரக் கலைஞர்களுக்குப் புதிய வாயிலைத் திறந்தது. எனினும் வானொலியிலும் நிகழ்ச்சி நேரம் முன்னரே வரையறுக்கப்பட்டது.

இத்தகைய அளவுகளுக்குள் கதை அடங்க வேண்டுமெனில் ஏதேனும் ஒன்றைக் குறைக்க வேண்டும். குறைக்கப்பட்டவற்றுள் முதன்மையானது திரும்பக் கூறல். வில்லுப்பாட்டில் புலவர் பாடிய அடியைப் பின்பாட்டுக்காரர் மீண்டும் பாடுவர். பாடியதைப் புலவர் உரைநடையில் மீண்டும் கூறுவார். பந்தலில் இத்திரும்பக் கூறல் இன்றியமையாதது. இரவு முழுவதும் வருவோரும் போவோருமாக இருக்கும் அவையில், உறங்கி விழித்தவரும் கதையைத் தொடர அது வழிசெய்கிறது. அருள் இறங்கும் வரை ஓரிடத்தில் கதையை நிறுத்தி வைக்கவும் அதுவே கைகொடுக்கிறது. ஒலிநாடாவைக் கேட்பவர் தேவையானால் மீண்டும் ஓடவிட்டுக் கேட்கலாம் என்பதால், பதிவில் அது தேவையற்ற நீட்டிப்பாகத் தோன்றியது.

ஒலியின் அமைப்பும் மாறியது. பந்தலில் குடத்தின் அதிர்வு தரைவழியாகவும் உணரப்படும். மணிகளின் ஓசை, மேளம், குலவை, வெடி, குழந்தைகளின் இரைச்சல் யாவும் கலந்தே ஒலிக்கும். பதிவுக்கூடத்தில் இவை இரைச்சல் எனக் கருதி விலக்கப்பட்டன. ஒலிவாங்கிக்கு முன் கலைஞரின் சொற்கள் துலங்கின. ஆனால் அச்சொற்களுக்கு ஊர் அளித்த மறுமொழி பதிவாகவில்லை. நேரடி நிகழ்ச்சியில் பதிவு செய்யப்பட்ட ஒலிநாடாக்கள் இவ்வகையில் சற்று வேறுபட்டவை. அவற்றில் கூட்டத்தின் சிரிப்பும் கைதட்டலும் கேட்கின்றன. சுப்பு ஆறுமுகத்தின் கலை உரையாடலைச் சார்ந்தது என்பதால், அவையோரின் சிரிப்பு அதற்கு உறுப்பாகவே அமைந்தது. சிரிப்பைக் காத்துநிற்கும் அவருடைய இடைநிறுத்தங்கள் அவையில்லாத பதிவுக்கூடத்தில் பொருளிழந்துவிடும். அவருடைய வில்லிசையை ஆராய விரும்புவோர் நேரடிப் பதிவுகளையே அடிப்படைச் சான்றாகக் கொள்ள வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

2015இல் வெளிவந்த உத்தம வில்லன் திரைப்படத்தில் இடம்பெற்ற வில்லுப்பாட்டுப் பகுதிக்குச் சுப்பு ஆறுமுகம் பங்களித்தார். ஏறத்தாழ எண்பத்தேழு வயதில், தம் இளமையில் திரைக்கலைஞர் ஒருவர் வழியாகத் தொடங்கிய பயணத்தை மற்றொரு திரைக்கலைஞரோடு அவர் நிறைவு செய்ததாகக் கொள்ளலாம். கலைவாணர் காலத்தில் திரைப்புகழ் வில்லுக்கு மேடை அளித்தது. இப்போது வில் திரைக்கதைக்கு ஒரு கூற்றுமுறையை அளித்தது.

7. பூங்கனி: பதிவின் எல்லைக்கு வெளியே ஒரு வாழ்வு

சுப்பு ஆறுமுகத்தின் வாழ்வை மட்டும் கொண்டு வில்லுப்பாட்டின் இருபதாம் நூற்றாண்டு வரலாற்றை எழுதினால், ஊரில் தங்கிய கலையின் பாதி மறைந்துவிடும். கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த பூங்கனியின் வாழ்வு அப்பாதிக்குச் சான்று. சிறுமியாக இருந்தபோதே பெண்கள் வில்லடிப்பதைக் கண்டு ஆர்வம் கொண்டு இக்கலையைக் கற்றார். புலவராக வில்லின் முன் அமர்ந்து பல்லாண்டுகள் கொடைவிழாக்களில் பாடினார். கணவர் தங்கப்பாண்டியன் அவருடைய குழுவில் குடம் அடித்தவர். ஆண்களே மிகுதியாகத் தலைமை ஏற்ற ஒரு கலையில் ஒரு பெண் இரவு முழுவதும் கதை நடத்தியது சிறிய செய்தியன்று. கணவரின் மறைவுக்குப் பின் வில்லை விட்டு ஒதுங்கிய அவர், கொட்டாரம் பகுதியில் தனிமையிலும் வறுமையிலும் இறுதிக்காலத்தைக் கழித்து, எண்பது வயதைக் கடந்த நிலையில் 2018 நவம்பரில் மறைந்தார்.

இவ்விருவரையும் ஒப்பிடும்போது ஒருவரை உயர்த்தி மற்றவரைத் தாழ்த்துவது ஆய்வின் நோக்கமாகாது. இருவரும் ஏறத்தாழ ஒரே தலைமுறையினர், ஒரே கலையினர். வேறுபாடு அவர்கள் பாடிய களத்தில் இருந்தது. அரங்கக் கலைஞரின் பெயர் நூலிலும் வானொலியிலும் ஒலிநாடாவிலும் விருதுப் பட்டியலிலும் நிலைத்தது. கொடைக் கலைஞரின் பெயரோ அவர் பாடிய ஊர்களின் நினைவில் மட்டுமே தங்கியது. அந்நினைவைச் சுமந்தவர்கள் மறைய மறைய அதுவும் குறைந்தது. கொடைக் கலைஞருக்குக் கிடைக்கும் ஊதியம் கொடை நடக்கும் மாதங்களைச் சார்ந்தது. குரல் தளர்ந்தபின் அதுவும் இல்லை. பதிவு என்பது புகழோடு மட்டும் தொடர்புடையதன்று, முதுமையில் பிழைப்போடும் தொடர்புடையது என்பதைப் பூங்கனியின் வாழ்வு உணர்த்துகிறது.

8. ஆய்வாளர்களின் பதிவு

அரங்கமும் ஒலிநாடாவும் ஒருபுறம் இயங்க, மறுபுறம் ஆய்வாளர்களும் வில்லுப்பாட்டைப் பதிவு செய்தனர். பேராசிரியர் நா. வானமாமலை (1917–1980) முத்துப்பட்டன் கதை உள்ளிட்ட கதைப்பாடல்களைப் பதிப்பித்து, அவற்றைச் சமூக வரலாற்றின் சான்றுகளாக நிறுவினார். அவருடைய பணியின் ஒரு கூறு இங்குக் குறிப்பிடத்தக்கது. பிராமண இளைஞனான முத்துப்பட்டன், அருந்ததியர் குலத்துப் பெண்களை மணந்து அவர்களோடு வாழ்ந்தான் என்பது கதை. அப்பெண்கள் உண்மையில் பிராமணக் குடியில் பிறந்து காட்டில் விடப்பட்டவர்கள் என்று கூறும் பகுதி பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது என்று அவர் விளக்கினார். சாதி கடந்த மணத்தை ஏற்க இயலாத மனம், கதையையே திருத்திக்கொண்டது.

இச்சான்று பதிவு பற்றிய ஒரு முதன்மையான உண்மையை வெளிப்படுத்துகிறது. பதிவு எதுவாயினும், யார் முன்னிலையில், யாருக்காகப் பாடப்பட்டது என்பதை அறியாமல் அதை மரபின் இறுதி வடிவமாகக் கொள்ள முடியாது. ஏட்டுச்சுவடி, அச்சுநூல், ஒலிநாடா ஆகிய ஒவ்வொன்றும் ஒரு அவைக்கு ஏற்ப உருவான வடிவமே. அரங்க வில்லிசை நகர அவைக்கு ஏற்ப மாறியது என்று குறைகூறுவோர், ஊர் அவைக்கு ஏற்பவும் கதைகள் மாறியே வந்துள்ளன என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். அக்காரணத்தாலேயே, பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை போன்றவை முன்னெடுத்த களப்பணி மரபு, பாடத்தோடு சூழலையும் குறித்து வைக்க மாணவர்களைப் பயிற்றுவித்தது.

9. ராயகிரி, சங்கரன்கோவில் வட்டாரம்: இன்றைய நேரடிப் பதிவு

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் சிவகிரிக்கும் வாசுதேவநல்லூருக்கும் அண்மையில் அமைந்த பேரூர் ராயகிரி. முன்பு சங்கரன்கோவிலோடு சேர்த்தே எண்ணப்பட்ட இப்பகுதி, 2019இல் உருவான தென்காசி மாவட்டத்தில் அடங்குகிறது. இவ்வட்டாரத்துக்குப் பாட்டு மரபில் தனி இடமுண்டு. காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியார் (1865–1891) பிறந்த சென்னிகுளம் சங்கரன்கோவிலுக்கு அருகிலேயே உள்ளது. கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துச் செல்வோர் பாடிய சிந்து, பிற்காலத்தில் இசைக்கச்சேரிகளின் இறுதிப்பகுதியிலும் இடம்பெற்றது. வழிநடைப் பாட்டு மேடைப் பாட்டானது. வில்லுக்கு நேர்ந்த இடமாற்றம், அதற்கு முன்பே இவ்வட்டாரத்தின் சிந்துக்கு நேர்ந்திருக்கிறது.

இன்றைய நிலையில் நெல்லை, தென்காசி மாவட்டங்களின் கொடைவிழாக்களில் வில்லிசை தொடர்ந்து நடைபெறுகிறது. இளம்பெண்கள் தலைமை ஏற்கும் குழுக்கள் பெருகியுள்ளன. மின்விசைப் பலகைகளும் ஒலிபெருக்கிகளும் குழுவின் உறுப்புகளாகிவிட்டன. இவற்றோடு ஒரு புதிய பழக்கமும் வேரூன்றியுள்ளது. விழாக்குழுவினரோ காணொளிக் கலைஞர்களோ நிகழ்ச்சியை முழுமையாகப் படமெடுத்து யூடியூபில் ஏற்றுகின்றனர்; சில இடங்களில் நேரலையாகவே ஒளிபரப்புகின்றனர். சென்னையிலும் மும்பையிலும் வளைகுடா நாடுகளிலும் வாழும் ஊர்க்காரர்கள் தம் குலதெய்வத்தின் கொடையை அங்கிருந்தே காண்கின்றனர்.

இசைத்தட்டும் ஒலிநாடாவும் விதித்த காலவரம்பை இக்காணொளி நீக்கிவிட்டது. மணிக்கணக்கில் நீளும் கதை இப்போது குறைபடாமல் பதிவாகிறது. குலவை கேட்கிறது, அருளாட்டம் தெரிகிறது, திரும்பக் கூறலும் அப்படியே நிற்கிறது. எழுபதாண்டுகளுக்கு முன் பெயர்க்க இயலாதவை என்று விடப்பட்ட உறுப்புகள் இன்று ஊரை விட்டு நீங்காமலேயே உலகெங்கும் சென்று சேர்கின்றன. சுப்பு ஆறுமுகத்தின் தலைமுறையில் வில் ஊரை விட்டுச் செல்ல வேண்டியிருந்தது. இன்று ஊரில் இருந்தபடியே வில் உலகை அடைகிறது.

எனினும் இதை முழுமையான ஆவணமாக்கம் எனக் கொள்வது தவறாகும். இத்தகைய காணொளிகளில் பலவற்றில் குழுத்தலைவரின் பெயர் மட்டுமே இடம்பெறுகிறது; குடம் அடிப்பவர், உடுக்கை இசைப்பவர், பின்பாட்டுப் பாடுவோர் ஆகியோரின் பெயர்கள் விடுபடுகின்றன. பாடப்பட்ட கதை எது, எச்சுவடியிலிருந்து அல்லது எந்தப் புலவரிடமிருந்து கற்றது என்ற குறிப்புகள் இருப்பதில்லை. தனியார் கணக்கு மூடப்பட்டால் பதிவும் மறைந்துவிடும். அருளாடுபவரின் முகம் அவருடைய இசைவின்றியே பொதுவெளிக்குச் செல்வது அறம் சார்ந்த வினாவையும் எழுப்புகிறது. கலைஞரின் பாட்டு பல்லாயிரம் பேரைச் சென்றடைந்தாலும், அதன் வருவாயில் அவருக்குப் பங்குண்டா என்பது ஊருக்கு ஊர் வேறுபடும் பேச்சுவார்த்தையாகவே உள்ளது.

10. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

சுப்பு ஆறுமுகத்தின் அரங்க வில்லிசையை மரபின் முறிவாகக் கருத வேண்டியதில்லை. அவர் புகழுக்கு அடித்தளமான காந்தி கதை, கொலையுண்டவரை வில்லால் நினைவுகூரும் தென்தமிழக மரபின் நீட்சியாகவே அமைகிறது. எனினும் இறந்தவரின் வருகை, இறந்தவரைப் பற்றிய நினைவாக மாறியது.

வில்லுப்பாட்டின் உறுப்புகளுள் உரையாடல், நகைச்சுவை, அவையடக்கம் முதலியன இடம்பெயரும் இயல்பின. அருளாட்டம், குலவை, திரும்பக் கூறல் முதலியன களத்தைச் சார்ந்தன. சுப்பு ஆறுமுகம் முன்னவற்றைத் தேர்ந்து ஒரு தனிக்கலையாக வளர்த்தார். ஒலிப்பதிவின் காலவரம்பும் அத்தேர்வை வலுப்படுத்தியது.

அரங்கக் கலைஞருக்குக் கிடைத்த பதிவும் சிறப்பும் கொடைக் கலைஞர்க்குக் கிட்டவில்லை. பூங்கனியின் வாழ்வு இதற்குச் சான்று. ஒரு கலைக்கு அளிக்கப்படும் விருது அக்கலையின் எல்லாக் களங்களையும் சென்றடைவதில்லை.

காணொளிப் பதிவு, களம் சார்ந்த உறுப்புகளையும் காக்கும் வாய்ப்பை முதன்முறையாக வழங்கியுள்ளது. அவ்வாய்ப்பு பயன்பட வேண்டுமெனில், ஒவ்வொரு பதிவோடும் குழுவினர் அனைவரின் பெயர், கதை, கோயில், நாள், கற்ற வழி ஆகியவை குறிக்கப்பட வேண்டும். கலைஞரின் இசைவும் பெறப்பட வேண்டும். ராயகிரி போன்ற ஊர்களைச் சுற்றிப் பணியாற்றும் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள், ஆண்டுதோறும் ஒரு கொடைப் பருவத்தில் இப்பணியை மாணவர்களைக் கொண்டு மேற்கொண்டாலே, ஒரு தலைமுறைக்குள் பெரியதொரு ஆவணக்களஞ்சியம் உருவாகும். குடம் அடித்த தங்கப்பாண்டியனின் பெயர் இன்று நமக்குத் தெரிவது, அவர் மனைவி பெற்ற சிறு புகழின் வழியாகத்தான். அவ்வாறு தெரியவராமலே போன குடக்கலைஞர்களின் பட்டியல் இனியும் நீளாதிருக்க, அடுத்த கொடையிலேயே இப்பணியைத் தொடங்க இயலும்.